எட்டுத் துண்டுத் தொப்பி

ஆவணி 27, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் கோகுல்ராஜுக்கு, மலையிலிருந்து உன் அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை சசிகலாவும் நல்ல சுகம், பசு போன வாரம் கன்று போட்டது அதுவும் சுகம், ஒருவருக்கும் ஒரு குறையும் கிடையாது, என் தலையில் முடி மட்டும்தான் கிடையாது. பதறாதே, நோய்நொடி ஒன்றும் இல்லை, உட்கார்ந்து நிதானமாகப் படி. நேற்று நீ போனில் அப்பாவிடம், அம்மாவுக்கு இன்னாவோ ஆயிடுச்சி, எல்லாரும் சேந்துனு மறைக்கிறீங்க, சசி நிச்சயதார்த்த போட்டோ முப்பது வந்துச்சி, ஒண்ணுலகூட அம்மா இல்ல, அம்மா முன்னால நின்னு தட்டு மாத்துச்சா இல்லியா, சொல்லலைன்னா டிக்கெட் போட்டு கெளம்பி வர்றேன் என்று கத்தினாயே, அடுப்பங்கரையில் இருந்த எனக்கு அத்தனையும் கேட்டது. அப்பா திருதிருவென்று விழித்துவிட்டு, டவர் இல்ல டவர் இல்ல என்று சொல்லி வைத்துவிட்டார், டவர் நன்றாகத்தான் இருந்தது. ஆறு வாரமாகக் கேமரா உடைந்துவிட்டது என்று நான் சொன்னதும் பொய்தான். ஆடி மூன்றாவது வெள்ளியன்று படவேட்டம்மன் கோவிலில் நான் முடி இறக்கினேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே நீ கத்துவாய், எனக்குச் சிரிப்பு வந்துவிடும், அதனால்தான் என் அங்கன்வாடி ரெஜிஸ்டருக்கு வாங்கிய கோடு போட்ட தாளில் எழுதுகிறேன், சசி இதைப் போட்டோ பிடித்து அனுப்புவாள். தட்டு மாற்றினேனா இல்லையா என்பதைத் தெரிந்துகொள்ள நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போகாதே, ஒழுங்காக முதலிலிருந்து படி.

எனக்காக எந்த வேண்டுதலும் வைக்காதம்மா, முக்கியமா முடியில கை வைக்காத என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நீ சொன்னாய், நானும் சரி என்றேன், அந்தச் சொல்லை நான் மீறவில்லை, ஏனென்றால் நான் வேண்டிக்கொண்டது அதற்கு முன்பே. மாசி மாதம் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டு நீ பதினோரு நாள் கண் திறக்காமல் கிடந்தாய், போலந்து எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது, வாசலில் நின்று நான்கு பக்கமும் திரும்பித் திரும்பிக் கும்பிட்டேன், ஆத்தா என் பிள்ளை கண் திறந்தால் என் முடி உனக்கு என்று சொல்லிவிட்டேன். காப்பாற்றியது டாக்டர்கள்தான், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை, அவர்கள் குடும்பம் நன்றாக இருக்கட்டும், ஆனால் கொடுத்த வாக்கு வாக்குதானே. சந்தவாசல் வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து ஆட்டோ பிடித்தோம். இடுப்புக்குக் கீழே தொங்கிய முடியைப் பார்த்துவிட்டுக் கத்தி பிடித்தவர், இம்மாம் முடியும் எறக்கணுமா, நுனியில கொஞ்சமா பூமுடி குடுத்தா போதாதா என்று கேட்டார், எல்லாத்தையும் எறக்குங்க என்றேன். நான் அழுவேன் என்று நினைத்து அப்பா துண்டைத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டது அவர்தான். எனக்கோ தலையில் தண்ணீர் ஊற்றியதும் குபீரென்று ஒரு சந்தோஷம் வந்தது பார், என் பிள்ளை உயிரோடு இருக்கிறான், கடன் தீர்ந்தது, தலையில் காற்று அடிக்கிறது, பஸ் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மலை ஏறும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

அந்தச் சிரிப்பு ஒன்பது நாள்தான். பத்தாவது நாள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்து, ஆவணி இருபத்திரண்டு ஞாயிற்றுக்கிழமை நல்ல நாள், அன்றைக்கே நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். மாப்பிள்ளை நவீன்குமார் உண்டு உறைவிடப் பள்ளியில் வாத்தியார், குணமான பையன், சசிக்கும் பிடித்திருக்கிறது, அதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது உன் முனியம்மா அத்தை அன்று சாயந்திரமே நம் வீட்டுக்கு வந்து போட்ட போடு. இந்த மொட்டத் தலைய வச்சினு சம்பந்தி முன்னால நிப்பியா செந்தாமர, பொண்ணு வூட்ல இன்னா கேடு காலமோன்னு அவங்க நெனைக்க மாட்டாங்களா, நீ உள்ளார சோத்தப் பாரு, தட்ட நான் மாத்திக்கிறேன் என்றாள். நம் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவளும் பையனைப் பெற்றவளும் எதிரெதிரே நின்றுதானே தட்டு மாற்றுவது, இருபத்து நான்கு வருஷம் நான் வளர்த்த பெண்ணுக்கு நான் சோற்றுப் பானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டுமா, எனக்கு நெஞ்சு எரிந்தது. அப்பாவைப் பார்த்தேன், அக்கா எதிரில் அவர் என்றைக்கு வாய் திறந்தார், கன்றுக்குட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். முக்காடு போட்டுக்கொள்கிறேன் என்றால் அது இன்னும் அபசகுனமாம். மறுநாள் அத்தையே கூத்தில் பெண் வேஷம் கட்டுகிறவரிடம் ஒரு டோப்பா இரவல் வாங்கி வந்து என் தலையில் மாட்டினாள். அதில் சாம்பிராணி வாசனை, பேன் மருந்து வாசனை, பத்து வருஷத்து வியர்வை வாசனை எல்லாம் கலந்து அடித்தது. அப்பா அப்போதுதான் வாயைத் திறந்து, யாராச்சும் மத்தளம் தட்டுனா ஆடிடுவ போல கீது என்றார். சசி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று ராத்திரி உன் பழைய போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் உன் வீட்டுக்காரப் பெரியவரோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாயே, நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் சூப் கொண்டு வந்த அந்தப் பெரியவர், அவர் தலையில் ஒரு துணித் தொப்பி இருக்கிறது. எட்டு முக்கோணத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, உச்சியில் துணி சுற்றிய ஒரு பொத்தான் வைத்து, முன்னால் சின்னதாக மடங்கிய விளிம்பு. வெள்ளைக்காரன் காலத்துப் படங்களில் பார்ப்போமே அந்த மாதிரி. அவர் தலையிலும் முடி இல்லை, ஆனாலும் என்ன கம்பீரமாக நிற்கிறார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மலையிறங்கி ஒடுகத்தூருக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கும் ராஜாக்கண்ணுவிடம் போனைக் காட்டி, இதே மாதிரி எனக்கு வேண்டும் என்றேன். அவர் போட்டோவைப் பெரிதாக்கி, சின்னதாக்கி, தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, டீச்சரம்மா நான் ஜாக்கெட் தச்சிருக்கேன், கோட்டு தச்சிருக்கேன், மாட்டுக்கு சாக்குச் சட்டகூட தச்சிருக்கேன், இது மட்டும் தச்சதில்லீங்க, வுடுங்க பாத்துடலாம் என்றார். என் தலையைச் சுற்றி டேப் வைத்து இருபத்தொன்றரை என்றார், அவர் நோட்டில் தலைக்கென்று ஒரு இடம் இல்லாததால் இடுப்பு என்ற இடத்தில் எழுதிக்கொண்டார். பழைய யூனிபார்ம் துணியில் முதலில் தைத்தது பணியாரம் போல உப்பி நின்றது, இரண்டாவது என் காதை மூடியது, மூன்றாவதைத் தலையில் வைத்ததும் இருவரும் கண்ணாடியைப் பார்த்தோம். சும்மா சொல்லக் கூடாது தம்பி, உன் அம்மா அழகாக இருந்தாள்.

அதற்குப் பிறகு துணி பார்த்தோம் பார், அந்தச் சந்தோஷத்தை எப்படி எழுதுவது. யோசித்துப் பார், என் உடம்பில் ஏறிய துணி ஒன்றையாவது நானாக எடுத்திருக்கிறேனா. தீபாவளிக்கு அப்பா எடுப்பார், பொங்கலுக்கு சர்க்கார் கொடுக்கும், அங்கன்வாடிக்கு ஆபீசில் சொன்ன கலர். இங்கே ஒருவர் என்னை முக்காலியில் உட்காரவைத்து, டீச்சரம்மாவுக்கு மேல்துணி இன்னா வேணும், உள்துணி இன்னா வேணும், விளிம்பு ரெண்டு விரலா மூணு விரலா, பொத்தான் அதே துணியா வேற துணியா என்று கேட்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெட்டுத் துணி மூட்டை மொத்தத்தையும் தரையில் கொட்டச் சொன்னேன். ஒவ்வொன்றையும் கைக்குள் கசக்கிப் பார்த்தேன், சுருக்கம் விழுகிறதா என்று. கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன், குத்துகிறதா என்று. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கட்டம் போட்ட துணி என்றால் எட்டுத் துண்டிலும் கோடு கோட்டோடு சேர்ந்து உச்சியில் ஒரே இடத்தில் முடிய வேண்டும், இல்லாவிட்டால் தலை கோணலாகத் தெரியும், இதெல்லாம் எனக்கே தோன்றியது. ராஜாக்கண்ணு, நீங்க கடை வைக்கலாம் டீச்சரம்மா என்றார். முதலில் பாசி நிறத்தில் வரிவரியாகத் தடிமனாக இருக்கும் கார்டுராய் துணியில் ஒன்று எடுத்தேன், அது காலை நேரக் குளிருக்கு. அங்கன்வாடிக்கு அதைப் போட்டுக்கொண்டு போன முதல் நாள் பிள்ளைகள் முட்டைகூட கேட்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு செம்மண் நிறத்தில் கட்டம் போட்டது ஒன்று. நிச்சயத்துக்கென்று ஒன்று வேண்டுமே, மூட்டையில் எதுவும் மனசுக்கு ஒட்டவில்லை. அப்போதுதான் மிஷின் டிராயருக்குள் ஒரு ஓரம் தெரிந்தது. சாம்பல் நிறம், மீன்முள் மாதிரி சாய்ந்து சாய்ந்து ஓடும் நெசவு, இரண்டு அங்குலத்துக்கு ஒரு முறை மாம்பழ மஞ்சளில் ஒற்றை நூல். கையில் எடுத்தால் விடவே மனசு வரவில்லை. ராஜாக்கண்ணு முகம் ஒரு மாதிரி ஆனது, அது வேலூர் சரக்குங்க, விக்கிறதுக்கு இல்லீங்க, கொஞ்சூண்டுதான் கீது என்று இழுத்தார். நான் விடவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு கடைசியில் சரி என்றார். உள்ளே சிவப்புப் பூ போட்ட மெல்லிய பருத்தித் துணி வைக்கச் சொன்னேன், வெளியே யாருக்கும் தெரியாது, என் தலைக்குள் பூ இருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மஞ்சள் புடவை கட்டி அந்தத் தொப்பியை வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். முனியம்மா அத்தை தலையில் அடித்துக்கொண்டாள், தட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு நகரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். சரி, அவர்கள் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேன் ஒன்றும் ஜீப் இரண்டும் வந்து நின்றன. ஜீப்பிலிருந்து மாப்பிள்ளை இறங்கினார். புதுக் கோட்டு போட்டிருந்தார். சாம்பல் நிறம், மீன்முள் நெசவு, இரண்டு அங்குலத்துக்கு ஒரு மஞ்சள் நூல். தம்பி, என் தலை தனியாக ஜீப்பில் ஏறி வந்த மாதிரி இருந்தது. அவர் நேராக என்னிடம் வந்து கும்பிட்டார், நான் கும்பிட்டேன், அவர் என் தலையைப் பார்த்தார், நான் அவர் தோளைப் பார்த்தேன். சசி கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அப்போதுதான் ராஜாக்கண்ணு ஏன் தலையைச் சொறிந்தார் என்பது எனக்கு விளங்கியது, மாப்பிள்ளை கோட்டுக்குக் கொடுத்த துணியில் மிச்சம் பிடித்ததைத்தான் என் தலையில் கட்டிவிட்டார். இந்த மலைக்கே கோட்டு தைக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தானே, எனக்கு அது தோன்றவே இல்லை பார்.

மாப்பிள்ளையின் அம்மா தேவயானி வேனிலிருந்து இறங்கினவர், மகனை ஒரு முறை, என்னை ஒரு முறை, மறுபடி மகனை ஒரு முறை பார்த்தார். தழைச்சுமை தூக்கும் உடம்பு, பார்வையே அதட்டும். நேராக என் எதிரில் வந்து, சம்பந்தி, அதக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க என்றார். பந்தலில் நாற்பது பேர். அத்தை தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். என் பெண்ணின் காரியம் இந்தத் தொப்பியால் கெட்டுப்போனால் நான் அப்புறம் எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பேன். ஆனாலும் அது அவர் வீட்டுத் துணி, கேட்கிறார், கழற்றிக் கொடுத்தேன். என் தலையில் அரை அங்குல முடிதான் முளைத்திருந்தது, எல்லோரும் பார்த்தார்கள். தேவயானி தொப்பியைத் திருப்பி, தையலைப் பிரித்துப் பார்ப்பது போலப் பார்த்து, அந்தப் படுபாவி ராஜாக்கண்ணு, மூணே கால் மீட்டர் எண்ணிக் குடுத்தேன், பத்தல, காலருக்கு உள்ளார ஒட்டுப் போட்டேன்னு சொன்னான் என்றார். பிறகு நிமிர்ந்து என் தலையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். யாருக்கு வேண்டிக்கினீங்க என்று மெதுவாகக் கேட்டார். பையனுக்கு, பதினோரு நாள் கண் தொறக்காம கெடந்தான், இப்ப நல்லா கீறான் என்று சொன்னேன், சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது, கோவிலில் வராத அழுகை எல்லாம் அங்கே வந்தது. அவர் இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்து என் தலையில் வைத்தார், விளிம்பை இடது பக்கமாகக் கொஞ்சம் இழுத்துவிட்டார், தள்ளி நின்று பார்த்துவிட்டு, இப்பத்தான் எடுப்பா கீது என்றார். அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், நாம தட்டு மாத்துறதுக்கு முன்னாடியே துணி மாறிடுச்சிய்யா, இனிமே இந்தச் சம்பந்தத்த எவன் பிரிக்கிறது என்றார். பந்தலே சிரித்தது, மாப்பிள்ளை கூச்சத்தில் கோட்டைக் கழற்றப் போனார், சசி வேண்டாம் என்று கையாட்டினாள். அத்தை என்னிடம் வந்தாள், தட்டை நீட்டினாள், இந்தா, புடி, நேரமாவுது என்றாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. தட்டை நான்தான் மாற்றினேன் தம்பி, உன் அம்மாதான் மாற்றினாள். நீ பதறுவாய் என்று நான் இல்லாத போட்டோக்களை மட்டும் சசி பொறுக்கி அனுப்பினாள், மீதி எல்லாம் இதோடு வரும், பார்.

புதன்கிழமை நானும் தேவயானி சம்பந்தியும் ஒன்றாக ஒடுகத்தூருக்கு இறங்கினோம். நாங்கள் ஒரே பஸ்ஸிலிருந்து சேர்ந்து இறங்கி வருவதைப் பார்த்ததும் ராஜாக்கண்ணு வாயிலிருந்த குண்டூசி கீழே விழுந்துவிட்டது. கேட்காமலே டிராயரைத் திறந்து மிச்சத் துணி முழுவதையும் எடுத்து மேஜைமேல் வைத்து, மிச்சம் இவ்ளோதானுங்கம்மா என்றார். சம்பந்தி நன்றாக ஏசினார், ஏசி முடித்ததும் கடைப் பையனிடம் மூன்று டீ வாங்கி வரச்சொல்லித் தானே ஒன்றை அவருக்கும் கொடுத்தார். அதற்குப் பிறகு இருவரும் முக்காலியில் உட்கார்ந்து மூட்டையைக் கொட்டி ஒரு மணி நேரம் துணி பார்த்தோம், சம்பந்திக்குக் கத்தரிப்பூக் கலரில் ஒரு கார்டுராய் பிடித்துப்போனது, எனக்கு இல்லீங்க என் தம்பிக்கு என்றார், அளவு மட்டும் தன் தலையில் எடுக்கச் சொன்னார். மீன்முள் துணியில் மீதி இருப்பது ஒரே ஒரு தொப்பிக்குத்தான் வரும். அது மச்சானுக்கு, எங்க கையால குடுக்குறது என்று சம்பந்தி சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு மச்சான் என்றால் நீதான்.

இங்கே சாமை நன்றாகத் தலை சாய்ந்திருக்கிறது, இரண்டு வாரத்தில் அறுப்பு. அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, என் செம்மண் கலர் தொப்பியை யாரும் இல்லாதபோது போட்டுக் கண்ணாடி பார்க்கிறார், நான் பார்த்ததை அவரிடம் சொல்லிவிடாதே. கல்யாணம் தையில், இப்போதே லீவு எழுதிக் கொடு. மாத்திரையை வேளை தவறாமல் போடு, பனிக்காலம் வருமுன் நல்ல பிடிப்பான ஷூ வாங்கு, கீழே பார்த்து நட, வீட்டுக்காரப் பெரியவரிடம் உங்கள் தொப்பிதான் எங்கள் வீட்டு மானத்தைக் காப்பாற்றியது என்று எப்படியாவது புரியவை. ஆத்தா உன் கூடவே இருப்பாள், நீ நீண்ட ஆயுசோடு, காய்ச்சல் தலைவலி இல்லாமல், வயிறார உண்டு நன்றாக இருக்க வேண்டும்.

உன் தலை அளவை மறக்காமல் எழுதி அனுப்பு. டேப் இல்லாவிட்டால் ஒரு கயிற்றைப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே சுற்றிப் பிடித்து ஸ்கேலில் வைத்துப் பார். ஆஸ்பத்திரியில் தையல் போட்ட இடம் காதிலிருந்து எத்தனை விரல் தள்ளி இருக்கிறது என்பதையும் எழுது, அங்கே உரசாமல் உள்துணியை இரண்டு மடிப்பாக வைக்கச் சொல்ல வேண்டும். அந்தத் தழும்பை நான் இதுவரை பார்த்ததே இல்லை. ஆஸ்பத்திரியை விட்டு வந்த நாளிலிருந்து நீ கேமராவில் எப்போதும் ஒரே பக்கத்தைத்தான் காட்டுகிறாய், அது அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை நான் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேமரா போடுகிறேன். நீயும் திரும்பி உட்கார்ந்து உன் தலையைக் காட்டு.

இப்படிக்கு,
உன் அம்மா
செந்தாமரை சின்னதம்பி